சொல் விளக்கம்: இருபால் நலமுரண்

ஐப்பசி மழைக்குப் பின் கானாடுகாத்தான் பக்கம் ஊருணிப் படிகளில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், இரண்டு தட்டான்கள் முன்னும் பின்னுமாகப் பிணைந்தபடியே பறந்து நீரைத் தொட்டுத் தொட்டு எழுவதைக் காணலாம். முன்னே செல்வது ஆண். வால்நுனியிலுள்ள பற்றுறுப்புகளால் பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு, முட்டையிடும்போதும் விடாமல் உடன் செல்கிறது. இடையில் வேறோர் ஆண் வந்து சேர்ந்துவிட்டால் முதல் ஆணின் விந்து வீணாகிவிடக்கூடும். ஊசித்தட்டான் இனம் ஒன்றில், ஆணின் உறுப்பு முந்தைய ஆணின் விந்தைச் சுரண்டி அகற்றிய பிறகே தன் விந்தைச் செலுத்துகிறது என்பதை 1979இல் ஜோனதன் வாகே என்னும் அமெரிக்க உயிரியலாளர் காட்டினார்.

ஆண்களுக்கிடையேயான இத்தகைய போட்டியின் சுமை பெண்ணின் மேல் விழும் நிலையையும் உள்ளடக்கியதே, ஆங்கிலத்தில் ‘செக்ஷுவல் கான்ஃப்ளிக்ட்’ எனப்படும் கருத்து. சாண ஈக்களை ஆராய்ந்த பிரிட்டன் உயிரியலாளர் ஜெஃப்ரி பார்க்கர், அதே 1979இல், இரு பாலினத்து உயிரிகளின் பரிணாம நலன்கள், அதாவது தம் வழித்தோன்றல்களைப் பெருக்கிக்கொள்வதற்கு உகந்தவை, ஒன்றுக்கொன்று முரண்படுவதே இது என வரையறுத்தார். ஒரு பெண் ஈக்காகப் பல ஆண்கள் முட்டி மோதும்போது, அந்தப் பெண் சாணத்தில் அமிழ்ந்து இறப்பதும் உண்டு.

‘கான்ஃப்ளிக்ட்’ என்பதன் இலத்தீன் வேருக்கு ஒன்றோடொன்று மோதுதல் என்று பொருள். அதை அப்படியே பிடித்துக்கொண்டு ‘பாலியல் மோதல்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ‘பாலியல்’ என்றாலே இன்று குற்றச் செய்திகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ‘மோதல்’ என்பதோ கண்ணுக்குத் தெரியும் சண்டையை மட்டுமே சுட்டுகிறது. ‘ஊடல்’ அறவே பொருந்தாது. அது கூடலில் முடிவது. பார்க்கரின் வரையறையில் உள்ளவை இரு பால், நலன், முரண் என்னும் மூன்றுமே என்பதால், ‘இருபால் நலமுரண்’ என்பதே செம்மையான தொடர். ஆண்பால், பெண்பால் என்னும் இலக்கண வழக்கும் நமக்குப் புதிதன்று.

சொல்லின் முழுப் பொருளையும் விளக்க, நீர்ப்பரப்பின் மேல் நெடுங்கால்களோடு வழுக்கி ஓடும் பூச்சிகளே தக்க சான்று. முதுகில் ஏறும் ஆணைப் பெண் உதறித் தள்ளப் பார்க்கும். ஆணைச் சுமந்து திரிவதால் அதற்கு ஆற்றல் செலவாகிறது, இரைகொல்லிகளிடம் சிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கொரியாவில் ஆராயப்பட்ட ஓர் இனத்தில் பெண்ணின் பிறப்புறுப்பை ஒரு மூடி காக்கிறது. ஆணோ, பெண் இசையும்வரை நீர்ப்பரப்பைக் கால்களால் தட்டி அதிர்வெழுப்புகிறது. அவ்வதிர்வை உணர்ந்து நீரடியிலிருந்து வரும் வேட்டைப்பூச்சிக்கு முதலில் எட்டுவது அடியிலிருக்கும் பெண்ணே என்பதால், பெண் விரைவில் இணங்கிவிடுகிறது. ஹான், யாப்வோன்ஸ்கி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இது.

இவ்வாறு ஒரு பாலின் உத்திக்கு மறுபாலில் தடை தோன்றுவதும், அத்தடையை மீற மற்றோர் உத்தி தோன்றுவதும் ‘எதிரிணைப் பரிணாமம்’ ஆகும். ‘பாலினத் தேர்வு’ என்பதை நலமுரணுக்கு மாற்றாக எழுதக் கூடாது. அது இணையைப் பெறுவதில் சில உயிரிகள் பிறவற்றை விஞ்சுவதால் நிகழும் தேர்வைக் குறிக்கும் தனிச்சொல்.