தலாக் ஆன பெண்ணுக்கு ஜீவனாம்சம் இத்தாவோடு முடிவதில்லை

"இத்தா முடிஞ்சாச்சு, இனி அவர்கிட்ட கேட்க உனக்கு ஒண்ணுமில்ல." தலாக் ஆன பெண்ணிடம் சொந்தக்காரர்களே இப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இத்தா என்பது தலாக்குக்குப் பிறகு அவள் மறுமணம் செய்யாமல் காத்திருக்க வேண்டிய காலம். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. இந்தியாவில் அவளுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன.

ஒன்று, 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்கு மாதம் 179 ரூபாய் 20 காசு ஜீவனாம்சம் உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக வந்த சட்டம் இது. இத்தா காலத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றுதான் பலரும் இதைப் புரிந்துகொண்டார்கள். 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது: பணத்தை இத்தாவுக்குள் கொடுத்துவிட வேண்டும், ஆனால் அந்தத் தொகை அவளுடைய பிற்கால வாழ்க்கைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். பாக்கி மஹரும் (நிக்காஹில் கணவர் தருவதாக ஒப்புக்கொண்ட மணக்கொடை), கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு வந்த நகையும் பொருளும் இதிலிருந்து தனி. அவையும் அவளுக்குத்தான்.

இன்னொன்று, எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவான ஜீவனாம்சப் பிரிவு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. 1986 சட்டம் இருப்பதால் இந்தக் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று ஒரு தெலங்கானா வழக்கில் சொல்லிவிட்டது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் இது பொருந்தும். அந்த முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது. சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. செலவுத் தொகையும், சிறு குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்தச் சட்டத்தின் கீழும் அவளுக்குக் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் இரண்டு வயது வரைதான் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 144-ஆவது பிரிவில் சிறு பிள்ளைகளுக்கும் தகப்பன் கொடுத்தாக வேண்டும்.

மனுவைக் கணவர் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை. இப்போது நீங்கள் தாய்வீட்டில் குடியிருந்தால் அந்த ஊருக்குரிய குடும்ப நல நீதிமன்றத்தில் போடலாம். அது இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். ஜமாஅத் தஃப்தரில் (பதிவேட்டில்) நிக்காஹ் பதிவான பக்கத்தின் நகல், தலாக் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அவருடைய வருமானம் பற்றித் தெரிந்த விவரங்கள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். வந்த செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள்; அது சாட்சி. வருமானத்தை மறைப்பார் என்ற பயம் பலருக்கும் இருக்கும். அதற்காகத்தான் இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்புதான். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்கச் சட்டம் சொல்கிறது. மறுமணம் செய்துகொண்டால் 144-ஆவது பிரிவில் உங்கள் உரிமை நின்றுவிடும். உத்தரவு வந்தும் அவர் கொடுக்காவிட்டால் சிறைக்கு அனுப்ப முடியும். ஆனால் பாக்கிக்கான மனுவை, தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 எண்ணிலும் கூப்பிடலாம்.