மூணு பூட்டுப் பொட்டியும் ஒரு கண்டெய்னர் பழைய துணியும்

போன மாசம் ஒருத்தர் போன் பண்ணாரு. காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்கல்லாம் சேர்ந்து ஒரு குரூப் வச்சிருக்காங்களாம், ஆப்பிரிக்கக் குழந்தைங்களுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஆசையாம், பழைய துணி, ஸ்கூல் பேக், நோட்டுன்னு ஒரு கண்டெய்னர் நிறைய சேத்து வச்சிருக்கோம், நீங்க அங்க வேலை பாத்தவராச்சே, எந்த போர்ட்டுக்கு அனுப்பலாம்னு கேட்டாரு. நல்ல மனுஷன், பேச்சுலயே தெரிஞ்சுது. "எந்த நாட்டுக்கு சார்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

54 நாடு இருக்கு அங்க. நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு, கென்யா, அதுலயும் மேற்குல விக்டோரியா ஏரி ஓரமா கிசுமு பக்கத்துக் கிராமங்க மட்டும்தான். மதுரை பக்கம் மகளிர் குழு வேலைல பத்து வருஷம் இருந்துட்டு, சேமிப்புக் குழுக்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற ஆளா அங்க போனேன். அதனால நான் சொல்றத முழு கண்டத்துக்கும் பொருத்திப் பாக்காதீங்க. ஆனா இதே மாதிரி போன் அடிக்கடி வருது, எல்லாருக்கும் சேத்து ஒரு தடவை எழுதிடலாம்னுதான் உக்காந்தேன்.

முதல்ல துணி. கென்யால பழைய துணிக்கு மிட்டும்பான்னு பேரு, சுவாஹிலில பொதி, மூட்டைன்னு அர்த்தம். அமெரிக்கா, ஐரோப்பா, இப்ப சீனான்னு எங்கெங்கயோ இருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்குது, நைரோபில கிகோம்பா மார்க்கெட்டுக்குப் போனீங்கன்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் அதான். அத வித்துப் பொழைக்கறவங்க நிறைய பேரு, அத நான் குறை சொல்லல. ஆனா 90-கள்ல இறக்குமதிக் கதவத் திறந்து விட்டதும் உள்ளூர் மில்லு ஒண்ணொண்ணா படுத்துச்சு, தையக்காரங்க பொழைப்பும் கூடவே போச்சு. 2016-ல கிழக்கு ஆப்பிரிக்க நாடுங்க சேர்ந்து பழைய துணிய படிப்படியா நிறுத்திடலாம்னு முடிவு பண்ணாங்க, அமெரிக்கா முறைச்சதும் மத்தவங்க பின்வாங்கிட்டாங்க, ருவாண்டா மட்டும் பிடிவாதமா வரிய ஏத்துச்சு, அதுக்கு 2018-ல அமெரிக்கா அவங்க ரெடிமேட் துணிக்குக் குடுத்திருந்த வரிச்சலுகைய நிறுத்தி வச்சுது. இவ்ளோ சண்டை நடந்த சரக்க நாம காசு குடுத்து ஏத்தி அனுப்பணுமா? நோட்டும் பேக்கும் அங்க கடைலயே கிடைக்குது சார், கிடைக்காதது வேற.

அந்த வேற என்னன்னா ஜனவரி மாசம் கைல காசு. அங்க ஸ்கூல் வருஷம் ஜனவரில தொடங்கும். ஆரம்பப் பள்ளிய மலாவி 1994-லயும் உகாண்டா 1997-லயும் கென்யா 2003-லயும் இலவசம் ஆக்கினாங்க. கென்யால ஒரே வருஷத்துல 59 லட்சமா இருந்த பிள்ளைங்க எண்ணிக்கை 72 லட்சம் ஆச்சு, 84 வயசுல கிமானி மருகேன்னு ஒரு தாத்தா யூனிஃபார்ம் போட்டுட்டு ஒண்ணாங்கிளாஸ்ல போய் உக்காந்தது அதுக்கு அடுத்த வருஷம்தான். ஆனா இலவசம்னு போர்டு மாட்டினதும் செலவு நின்னுடுமா? யூனிஃபார்ம், ஷூ, பரீட்சைப் பணம், மதியச் சாப்பாடு. செகண்டரிக்குப் போனா ஹாஸ்டல் ஃபீஸ், அதுதான் முதுக ஒடிக்கறது. ஃபீஸ் பாக்கின்னா பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, கட்டிட்டு வான்னு. டெர்ம் நடுவுல பகல் பதினோரு மணிக்கு யூனிஃபார்மோட ரோட்டுல நடந்து வர்ற பிள்ளைங்கள பாத்தா எனக்கு இப்பவும் வயித்த என்னவோ பண்ணும்.

இதுக்கு அந்த ஊரு பொம்பளைங்க கையில இருக்கற பதில்தான் பொட்டி.

தகரப் பொட்டி, நம்ம டிரங்குப் பொட்டிய விட சின்னது, மூணு கொக்கி, மூணு பூட்டு. மூணு சாவியும் மூணு பேர்கிட்ட, பொட்டி நாலாவது ஆளு வீட்ல. வாரம் ஒரு நாள் மரத்தடில 15-ல இருந்து 25 பேர் வரைக்கும் வட்டமா உக்காருவாங்க, சாவிக்காரங்க மூணு பேரும் வந்தாத்தான் பொட்டி திறக்கும். திறக்கறதுக்கு முன்னாடி தலைவி கேப்பாங்க, போன வாரம் மூடும்போது உள்ள எவ்ளோ இருந்துச்சுன்னு. எல்லாரும் ஒண்ணா தொகைய சொல்லணும், பேப்பர பாக்காம, மனப்பாடமா. அப்புறம்தான் பணம் எண்ற ரெண்டு பேர் எல்லார் கண்ணு முன்னாடியும் எண்ணிச் சரி பாப்பாங்க. சேமிப்புன்றது பங்கு வாங்கறது. ஒரு பங்கு 100 ஷில்லிங்னு அவங்களே முடிவு பண்ணியிருந்தா, ஒருத்தர் ஒரு கூட்டத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு பங்கு வரைக்கும் வாங்கலாம். வாங்கற ஒவ்வொரு பங்குக்கும் பாஸ்புக்ல ஒரு சீல் குத்துவாங்க, ரெண்டு வாங்கினா ரெண்டு சீல், மிச்சக் கட்டத்துல கோடு அடிச்சிடுவாங்க, அப்புறமா வந்து யாரும் கள்ள சீல் குத்த முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட விரல வச்சு சீல எண்ணித் தன் பணம் எவ்ளோன்னு சொல்லிடுவாங்க. நான் இவ்ளோ வருஷம் லெட்ஜர், கேஷ்புக்குன்னு நம்ம குழுக்களுக்கு வகுப்பெடுத்தவன், அந்த முதல் கூட்டத்துல வாயப் பொத்திட்டுதான் உக்காந்திருந்தேன்.

(ஒண்ணு சொல்லணும், சுவாஹிலில மாமான்னா அம்மா. பொட்டிய வச்சிருந்த அம்மாவ ஊரே மாமா மாமான்னு கூப்பிட, முதல் வாரம் முழுக்க எனக்கு சிரிப்ப அடக்க முடியல.)

இந்த முறை முதல்ல வந்தது நைஜர் நாட்டுல, மராடி பக்கம், 1991-ல, கேர்ன்ற அமைப்பு மூலமா, மாதா மாசு துபாரான்னு ஹௌசா மொழிப் பேரோட. இப்ப ஆப்பிரிக்கா முழுக்க ஒரு கோடி பேருக்கு மேல இப்படிக் குழுல இருக்காங்க. அதுக்கும் முன்னாடியே கென்யால சாமா, எத்தியோப்பியால எக்குப், தென்னாப்பிரிக்கால ஸ்டாக்வெல்னு நம்ம சீட்டு மாதிரி ஒண்ணு ஊருக்கு ஊரு இருந்துச்சு, அந்தப் பழக்கம் இல்லாம பொட்டி மட்டும் வந்திருந்தா இப்படிப் பரவியிருக்காதுன்னுதான் நான் நினைக்கறேன்.

பொட்டில சேர்ற பணத்த குழுக்குள்ளயே லோனா குடுப்பாங்க. அதுக்கு மாசம் நூத்துக்கு 5 வட்டி, சில குழுல 10 வட்டின்னு சொன்னதும் நம்மாளுங்க எல்லாரும் பதறுவாங்க, என்ன சார் கந்துவட்டியான்னு. கந்துவட்டி கந்துக்காரன் வீட்டுக்குப் போகும், இது திரும்ப பொட்டிக்குள்ளயே வரும். கணக்குக்கு ஒண்ணு சொல்றேன், வருஷத்துல குழு மொத்தம் 2,000 பங்கு, அதாவது 2 லட்சம் ஷில்லிங் சேத்திருக்கு, வட்டியும் ஃபைனும் சேந்து 50,000 வந்திருக்குன்னா, வருஷ முடிவுல ஒரு பங்கு 125. 100 பங்கு வச்சிருக்கற அம்மா போட்டது 10,000, எடுத்துட்டுப் போறது 12,500. லோனு தன் சேமிப்பு மாதிரி மூணு மடங்கு வரைக்கும்தான், மூணு மாசத்துல கட்டணும். இது போக சாவு, நோவுக்குன்னு ஆளுக்கு கொஞ்சம் தனியா ஒரு நிதி. வருஷம் முடிஞ்சா மொத்தத்தையும் பிரிச்சு பொட்டிய காலி பண்ணிடுவாங்க, அடுத்த சுத்து புதுசா. தர்மபுரில 1989-ல நம்ம குழுக்கள் ஆரம்பிச்சப்போ போட்ட பாதை வேற, நாம சேமிச்சுட்டு பேங்க் லோனுக்குப் போனோம், இவங்க தன் பணத்த மட்டுமே சுத்த விட்டுட்டு வருஷா வருஷம் பிரிச்சுக்கறாங்க. பிரிச்சுக்கறதுனால திருட்டுக்கணக்கு ரெண்டு மூணு வருஷம் ஒளிஞ்சு கிடக்க வழியில்ல, அதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்.

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். முதல் வருஷம் பங்கு பிரிக்கறத டிசம்பர் நடுவுல வச்சேன், வருஷ முடிவுல பிரிக்கணும், புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குன்னு. ஜனவரி ரெண்டாவது வாரம் அதே ஊருக்குப் போனா பாதிப் பிள்ளைங்க வீட்ல இருக்கு. காசு? கிறிஸ்துமஸ்க்கு ஆடு, நைரோபில இருந்து வந்த சொந்தக்காரங்க, புதுத் துணி. ஒரு வயசான அம்மா என்னைக் கூப்பிட்டு, டிசம்பர்ல காசுக்கு கால் முளைக்கும், அது ஓடிடும், ஜனவரில பிரின்னு சொன்னாங்க. அவ்ளோதான், மூணு வாரம் தள்ளி வச்சோம். அடுத்த வருஷம் ஜனவரி முதல் வாரம் பங்கு பிரிச்ச அன்னிக்கு சாயங்காலமே அந்த ரோட்டுல வாடகை பைக்குக்குப் பின்னாடி (அங்க அதுக்குப் பேரே போடா போடாதான்) மெத்தையும் டிரங்குப் பொட்டியும் கட்டிட்டு செகண்டரி ஹாஸ்டலுக்குப் போற பிள்ளைங்கள பாத்தேன். எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயும் அது வரல.

ரெண்டாவது தப்பு இத விட மோசம், அதுல நானும் உடந்தை. ஒரு நிதி உதவி அமைப்பு, குழு நல்லா ஓடுது, ஒவ்வொரு பொட்டிலயும் 1 லட்சம் ஷில்லிங் போட்டா இன்னும் வேகமா வளரும்னு சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். மூணே மாசம். அது வரைக்கும் வாரம் தவறாம கட்டினவங்க கட்டறத நிறுத்தினாங்க, பணம் வருதுன்னு கேள்விப்பட்டு புதுசா பத்து பேர் வந்து ஒட்டினாங்க, நம்ம ஊர்ல சொல்ற மாதிரி ஊரான் வீட்டு நெய்யேன்னு ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரி காச ஏமாத்தினா நாளைக்கு கிணத்தடில முகத்துல முழிக்கணும், எங்கயோ இருக்கற வெள்ளக்காரன் காசுக்கு யார் முகத்துல முழிக்கணும்? ஒரு குழு ரெண்டா உடைஞ்சுது, இன்னொண்ணு கலைஞ்சே போச்சு. எங்க தொழில்ல சொந்தச் சேமிப்ப சூடான பணம், வெளிய இருந்து வர்றத ஆறின பணம்னு சொல்லுவாங்க, நான் அத நேர்ல பாத்துதான் நம்பினேன்.

வேலை பத்தியும் சொல்லணும், ஏன்னா சம்பாத்தியம் இல்லாம எங்க இருந்து சேமிக்கறது. ஏரியோரத்துல ஒமேனான்னு நெத்திலி மாதிரி பொடி மீனு, ராத்திரி விளக்கு வச்சுப் பிடிப்பாங்க, காலைல பொம்பளைங்க வாங்கி வலையில பரப்பிக் காய வச்சு கொரோகொரோன்ற டின்னால அளந்து விப்பாங்க. மழை பிடிச்சா மொத்தமும் நாசம், கோழித் தீனி விலைக்குத்தான் போகும். ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் ஒமேனா பிடிக்கத் தடை வேற. அந்த மாசங்கள்ல அஞ்சு பங்கு வாங்கினவங்க ஒரே பங்குக்கு இறங்குவாங்க, அது தப்பில்ல, அதுக்குத்தான் ஒண்ணுல இருந்து அஞ்சுன்னு வச்சிருக்கு. இதுல பேசவே கூசுற ஒரு விஷயம் ஜபோயா. படகு ஆம்பளைங்க கைல, மீனு வேணும்னா படகுக்காரன் கேக்கறதுக்கு உடன்படணும்ன்ற பழக்கம், ஹெச்ஐவி அதிகமா இருக்கற ஏரியோர மாவட்டங்கள்ல. ந்டுரு பீச்ல பொம்பளைங்க 2011 வாக்குல வெளி உதவியோட தங்களுக்குன்னு படகு வாங்கி, ஆம்பளைங்கள கூலிக்கு வச்சு, உடம்பக் குடுத்து மீன் வாங்க மாட்டோம்னு நின்னாங்க. 2020-ல ஏரித் தண்ணி ஏறி ஊரையே முழுகடிச்சது தனிக் கதை. இத ஏன் சொல்றேன்னா வெளிப்பணம் எல்லாமே விஷம்னு நான் சொல்லல. படகா குடுத்தது சில வருஷமாவது நின்னுச்சு, பொட்டிக்குள்ள நோட்டா போட்டது நிக்கல.

பையன்களுக்கு ஜுவா காலி. நேர் அர்த்தம் சுள்ளுனு வெயில், கூரை இல்லாத பட்டறைன்னு வச்சுக்கோங்க. வெல்டிங், கட்டில், ஜன்னல் கிரில்லு, தகர அடுப்பு, எல்லாம் அங்கதான் கத்துக்கறாங்க, கத்துக் குடுக்கறவருக்குப் பேரு ஃபுண்டி. கை சுத்தமா வேலை தெரியும், ஆனா பெரிய கான்ட்ராக்டர் சர்டிஃபிகேட் எங்கன்னு கேப்பான். அரசாங்கம் நடத்தற ட்ரேட் டெஸ்ட் இருக்கு, மூணாம் கிரேடுல இருந்து ஒண்ணு வரைக்கும், ஸ்கூல் மார்க்கு வேணாம், வேலைய செஞ்சு காட்டணும். ஃபீஸ் கட்ட அம்மா குழுல லோன் எடுத்து எழுத வச்ச பையன் ஒருத்தன் இப்ப கிசுமுல சொந்தமா வெல்டிங் செட் வச்சிருக்கான். இந்த டெஸ்ட் இருக்குன்ற விஷயமே ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிய வைக்க கண்டெய்னர் தேவையில்ல.

ஒரு எச்சரிக்கை, இது நம்ம ஊருக்கும் சேத்துதான். 2007-ல எம்-பெசா வந்தப்புறம் கென்யால பணம் போன்லயே ஓடுது (பெசா வேற யாரும் இல்ல, நம்ம பைசாவோட சொந்தக்காரன்தான்). அதே போன்ல லோன் ஆப்பும் வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல காசு, கட்டலைன்னா கான்டாக்ட் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கெல்லாம் போன் பண்ணி மானத்த வாங்கறது. 2022-ல மத்திய வங்கி லைசென்ஸ் கட்டாயம்னு கொண்டு வந்துச்சு. ஆனாலும் கூட்டத்துக்கு வர்றது குறைஞ்சுதுன்னா நான் முதல்ல கேக்கற கேள்வி, யார் யார் போன்ல என்ன ஆப் இருக்கு.

காசு மட்டும்தான் ஊரோட சொத்துன்னும் நினைக்காதீங்க. ருவாண்டால மாசக் கடைசி சனிக்கிழமை காலைல ஊரே மம்பட்டியோட இறங்கும், உமுகாண்டான்னு பேரு. ஜிம்பாப்வேல மனநல டாக்டர் பத்தலைன்னு 2006-ல டிக்சன் சிபாண்டான்ற டாக்டர் பாட்டிங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல பெஞ்சு போட்டு உக்கார வச்சாரு, மனசு சரியில்லாதவங்க வந்து பாட்டிகிட்ட பேசறாங்க. பாட்டி இல்லாத ஊரு ஏது.

போன் பண்ணவர்கிட்ட இதெல்லாம் சுருக்கமா சொன்னேன். "அப்ப பணத்த எதுக்குத்தான் சார் குடுக்கறது?"ன்னாரு. ஒரு ட்ரெய்னரோட ஒரு வருஷ சம்பளம், அதுவும் அந்த ஊர்க்காரரா, அவங்க பாஷை பேசறவரா இருக்கணும், முதல் செட்டு பொட்டிய கூட குழுவே காசு போட்டு வாங்கட்டும்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "போட்டோ எடுத்துப் போட ஒண்ணும் இருக்காதே"ன்னாரு. பொட்டிய எடுங்க, மூணு பூட்டோட அழகாத்தான் இருக்கும், ஆனா அது யார் வீட்ல இருக்குன்னு தெரியற மாதிரி மட்டும் போட்டுடாதீங்கன்னேன்.