ஃபோர்செப்ஸ்: இடுக்கியா, குறடா?

பழைய அறுவைக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில், கவ்விப் பிடிக்கும் கருவியான ஃபோர்செப்ஸ் இல்லாமல் இராது. தமிழில் அதைப் பெரும்பாலும் 'இடுக்கி' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

லத்தீனில் 'ஃபோர்முஸ்' என்றால் சூடானது; 'காபேரே' என்றால் பிடிப்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே 'ஃபோர்செப்ஸ்'. காய்ந்த இரும்பை உலையிலிருந்து எடுக்கக் கொல்லன் வைத்திருந்த கருவியின் பெயர்தான் மருத்துவருக்கும் வந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் கிடைத்த மருத்துவக் குறடுகளை நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது பிரசவக் கருவி. பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய சேம்பர்லென் மருத்துவக் குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாக ரகசியமாகவே வைத்திருந்தது. அவர்கள் எசெக்ஸில் வாழ்ந்த வீட்டின் தரைப் பலகைகளுக்கு அடியில் 1813இல் அக்கருவிகள் கிடைத்தன. இப்போது லண்டனில், மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரியிடம் உள்ளன. குழந்தையின் தலைக்கு ஏற்ப வளைந்த இரண்டு அலகுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே உள்ளே செலுத்தி, பிறகுதான் இணைக்க வேண்டும். அந்த எளிய உத்தியை மறைத்து வைத்ததால் எத்தனை தாய்மார்கள் மாண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

தமிழுக்கு வருவோம். 'கொடிறும் பேதையும் கொண்டது விடாது' என்கிறது திருவாசகம். குறடும் மூடனும் பிடித்ததை விடமாட்டார்கள் என்று பொருள். அதே 'கொடிறு' திருக்குறளில் (1077) கன்னத்தை, தாடைப் பகுதியைக் குறிக்கிறது. கவ்வும் தாடைக்கும் கவ்வும் கருவிக்கும் ஒரே சொல்! பண்டைய இந்திய அறுவை மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும் இவ்வகைக் கருவிகளுக்குச் சிங்கம், புலி, காகம் போன்றவற்றின் வாயை ஒட்டியே பெயர் சூட்டியது.

'கொடிறு' வழக்கொழிந்துவிட்டது, அதை மீட்டு நோயாளியையும் மாணவரையும் திணறடிக்க வேண்டியதில்லை. 'இடுக்கி' பிழையன்று, ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடுகிறது. நடுவே ஆணியில் இணைந்து கத்தரிக்கோல்போல் இயங்குவதைக் 'குறடு' எனலாம். விரல்களால் அழுத்தினால் கவ்வி, விட்டால் தானே விரியும் சிறு கருவிக்குப் பொற்கொல்லர்களின் 'சாமணம்' கச்சிதமாகப் பொருந்தும். சேம்பர்லென் கருவி 'பேறுகாலக் குறடு'.