காட்டுக்கீரை பறிக்கையில் நாக்கை நம்பாதீர்கள்

தானாக முளைத்த செடியைக் கண்டால் ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கசந்தால் விஷம், கசக்காவிட்டால் கீரை என்பது கணக்கு. இது தப்புக் கணக்கு. கசக்கிற இலைகளில் உண்ணத் தகுந்தவை எத்தனையோ. மாறாக, செங்காந்தள் கிழங்கைத் தின்றவருக்கு வாந்தி தொடங்கவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உடலில் கலந்துவிடும். பறவை கொத்துவதும் அத்தாட்சி ஆகாது. குன்றிமணியை முழுசாக விழுங்கும் பறவைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், மென்று தின்னும் மனிதருக்கு உயிரே போகலாம்.

ஆகவே அடையாளம் முதலில், ருசி கடைசியில். இலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தண்டு, இலை அமைப்பு, பூ, காய், முறித்தால் கசியும் சாறு எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

பருப்புக்கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு சதைப்பற்றோடு மொழுமொழுவென்று செம்மை ஓடியிருக்கும். இலை தடிப்பு, பூ மஞ்சள். காய் முற்றினால் மேற்பகுதி மூடிபோலக் கழன்று, கடுகைவிடச் சிறிய கருவிதைகள் தெரியும். முறித்தால் பால் வராது. அதே இடத்தில், பலசமயம் அதனோடு பின்னிக்கொண்டே சித்திரப்பாலாடை படரும். அதன் தண்டு மெலிசு. கிள்ளியதும் வெள்ளைப் பால் துளிர்க்கும், கண்ணில் பட்டால் எரியும். கட்டுக்கு ஒரு தண்டை முறித்துப் பார்த்தால் போதாது. ஒவ்வொன்றையும் முறித்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் அதிகம் ஏமாற்றுவது, பூக்காத ஊமத்தை இளஞ்செடி. கீரையோடு கீரையாகக் கைக்குள் வந்துவிடும். இலையடி காம்பில் சேரும் இடம் இருபுறமும் சமமாக இராது. கசக்கினால் துர்நாற்றம் வரும். வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. வாய் வறட்சி, விரிந்த கண்மணி, பிதற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். பூக்காத, சந்தேகமான செடியை விட்டுவிடுங்கள், பூக்கும்வரை காத்திருக்கலாம்.

கொடி காய்ந்தபின் வெறும் கிழங்கைத் தோண்டவே வேண்டாம். செங்காந்தளைக் காட்டிக்கொடுப்பது பற்றுக்கம்பியாக நீளும் இலைநுனிதான். கொடி போனால் அந்த அடையாளமும் போயிற்று. சாலையோரம், சாக்கடை ஓரம், களைக்கொல்லி தெளித்த வயல் இவற்றில் நல்ல கீரையையும் பறிக்காதீர்கள்.

அடையாளம் உறுதியான பிறகும், முதல் தடவை ஒரே வகையை, வேகவைத்து, ஒரு தேக்கரண்டி மட்டும் உண்டு, 24 மணி நேரம் பொறுங்கள். நாலைந்து கீரையைக் கலந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. பருப்புக்கீரை, புளியாரை போன்றவற்றில் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இந்தச் சோதனையே கூடாது.

சமைக்காத கிளை ஒன்றைப் பூ, காயோடு தனியே எடுத்து வையுங்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தக் கிளையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நஞ்சு என்று மருத்துவர் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.