கல்லைக் கொட்டுமுன் கரையை அளந்து பாருங்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் சின்ன விடுதி வைத்திருப்பவர். கையில் காணி உறுதி, போனில் ஆறு படங்கள். "ஐயா, கடல் வேலி வரைக்கும் வந்திட்டுது. நாலு டிப்பர் கருங்கல் பறிச்சிட்டன். இனி என்ன செய்யலாம்?"

பறிக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கரையோரக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போட்டு அனுமதிக்கு அனுப்புவது என் தொழில். இந்த வாடைக்கு, அதாவது வடகீழ்ப் பருவக்காற்றுக்கு மட்டும் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது ஆள்.

படங்களைப் பார்த்தேன். கல்லுக்கு முன்னால் மணலே இல்லை. கல் முடிகிற வடக்கு மூலையில் பக்கத்துக் காணித் தென்னை ஒன்றின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது. கடல் தெரிய வேண்டுமென்று போன வருடம் பெக்கோ விட்டு மணல்மேட்டைத் தட்டையாக்கி, அதில் படர்ந்திருந்த அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வழித்தெடுத்திருக்கிறார். அலையைத் தாங்க இருந்ததே அந்த மேடுதான்.

கல் போட்டால் கடல் நின்றுவிடும் என்ற நம்பிக்கையை எத்தனை பேரிடம் மறுத்துச் சொல்லிவிட்டேன்! மணல்கரையில் அலை ஏறி, களைத்து, கொண்டுவந்த மணலில் கொஞ்சத்தை விட்டுத்தான் திரும்பும். கல்லில் மோதும் அலைக்கு அந்தக் களைப்பு வராது. வந்த வேகத்திலேயே திரும்பி, கல்லின் அடி மணலைத் தோண்டும். கல் முடிகிற இடத்தில் அடுத்தவர் காணிக்குள் திரும்பும். அவரும் கல் பறிப்பார், பிறகு அவருக்கு அடுத்தவர். கடைசியில் கரைவலை இழுக்க இடமில்லாமல் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நிற்பார்.

இன்னொன்று. வாடைக்கு நம் கரை ஒடுங்குவது வழமை. பெரிய அலை மணலைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய்ப் போடும், தென்மேற்குக் காற்றான கச்சானுக்குக் கடல் அடங்கியதும் பெரும்பகுதி திரும்பி வரும். மார்கழியில் பயந்து கல் பறிக்கிறவர் சித்திரை வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதில்லை.

திரும்பி வராத பங்கும் இருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அதில் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர். மில்லிமீற்றர்தானே என்று விட்டுவிடாதீர்கள். 50 மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் மட்டுமே சரிகிற கரையில் 20 சென்ரிமீற்றர் ஏறினால் 10 மீற்றர் நிலம் நீருக்குள் போகும்.

சரி, சட்டம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதை வைத்துத் தடை எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் திருத்தங்களோடு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கும் கல் போடுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். காணி உறுதி அதற்கு ஈடாகாது. பிரதேச சபை கட்டட வரைபடத்தை ஏற்றுக்கொண்டாலும் இது தனியாக எடுக்க வேண்டியது. சிறிய வேலை என்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், பெரியதென்றால் கரையோரத் திணைக்களம்.

தயவுசெய்து தனியாக ஓடாதீர்கள். அயல் காணிக்காரர், கடற்றொழிலாளர் சங்கம், கிராம அலுவலர் மூவரையும் கூட்டிப் பேசிவிட்டு ஒரே கோரிக்கையாகக் கொடுங்கள். ஒரு வேலிக்குக் கேட்டால் கல்தான் பேச்சில் வரும். ஒரு கிலோமீற்றர் கரைக்குக் கேட்டால்தான் மணல்மேட்டைத் திரும்பக் கட்டுவது, வேலியைப் பின்னுக்கு எடுப்பது பற்றியெல்லாம் பேசலாம்.

கூட்டத்துக்குப் போகுமுன் வீட்டு மூலையிலிருந்து அலை ஏறிய அடையாளம் வரைக்கும் மாதம் ஒருமுறை நாடா பிடித்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வாடையும் ஒரு கச்சானும் எழுதினாலே எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும். அந்த விடுதிக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தென்னைக்காரரையும் சம்மாட்டியையும் கூட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாடாவோடு நானும் போகிறேன்.