‘ஆர்டி’ என்றால் எந்த ஆர்டி? நிகழ்நேரப் பிசிஆர்: சொல் விளக்கம்

கொரோனா காலத்தில் ‘ஆர்டி-பிசிஆர்’ என்ற சொல்லை உச்சரிக்காத வாயே இல்லை. அதிலுள்ள ‘ஆர்டி’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால், ஆய்வகத்தில் வேலை செய்பவர்களே இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். அதற்கு முன் பிசிஆரைப் பார்த்துவிடுவோம்.

‘பாலிமரேஸ் செயின் ரியாக்‌ஷன்’ என்பதன் சுருக்கம் அது. கிரேக்கத்தில் ‘பாலி’ என்றால் பல, ‘மெரோஸ்’ என்றால் பகுதி. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஏஸ்’ நொதிகளுக்கான விகுதி. 1833-இல் பிரித்தெடுக்கப்பட்ட டயஸ்டேஸின் பெயரிலிருந்து வந்தது. ஆக, சிறு அலகுகளைக் கோத்து நீண்ட இழையாக்கும் நொதிதான் பாலிமரேஸ். தமிழில் ‘பாலிமரேசு தொடர்வினை’ என்கிறோம். ‘சங்கிலி வினை’ என்று பெயர்க்காததே நல்லது. சுவடியைப் படியெடுப்பதுபோல இங்கே டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. எடுத்த ஒவ்வொரு படியும் அடுத்த சுற்றில் தானே மூலமாகிவிடுகிறது. அந்தத் தொடர்ச்சியைத் ‘தொடர்வினை’ அப்படியே சொல்லிவிடுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் கணக்குப்படி 107 கோடியைத் தாண்டும். 1983-இல் இந்த வழியைக் கண்ட கேரி முல்லிஸுக்கு 1993-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறி இறங்க வேண்டும். 95 டிகிரி செல்சியஸ் அளவில் டிஎன்ஏயின் இரட்டை இழை பிரியும். 50 முதல் 65-க்குள் இறக்கினால், படியெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான தொடக்க இழைகள் (பிரைமர்கள்) தமக்குரிய இடத்தில் ஒட்டும். 72-இல் நொதி இழையை வளர்க்கும். ஆரம்பத்தில் மூன்று வெந்நீர்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு குழாய்களைக் கையால் மாற்றினார்கள். அந்தச் சூட்டில் நொதி வேறு செத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் ‘டாக்’ நொதி வந்த பிறகே அந்தப் பாடு தீர்ந்தது.

தொட்டிகளின் வேலையைத் தனியாகச் செய்வதுதான் தெர்மல் சைக்ளர். பேச்சில் ‘பிசிஆர் மெஷின்’. ‘வெப்பச் சுழற்றி’ என்று சுருக்கமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அது ஏதோ சுழலும் கருவி என்று நினைக்கவைத்து, மையவிலக்கியோடு குழப்பிவிடும். சுழல்வது வெப்பநிலை மட்டுமே என்பதால் ‘வெப்பச் சுழற்சிக் கருவி’ என்பதே சரி. பெரும்பாலான கருவிகளில் குழாய்கள் உட்காரும் உலோகப் பாளத்தின் அடியில் பெல்டியர் தகடுகள் இருக்கும். மின்சாரம் ஒரு திசையில் போனால் பாளம் சூடாகும். திசையை மாற்றினால் குளிரும். மேல்மூடியும் சுமார் 105 டிகிரியில் கொதிக்கும். அது சூடாகாவிட்டால், சில மைக்ரோலிட்டர் கலவையும் ஆவியாகிக் குழாய் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நின்றுவிடும்.

சரி, ‘ரியல்-டைம்’? சாதாரண பிசிஆரில் எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு டிஎன்ஏவை மின்சாரத்தால் ஜெல் என்ற கூழ்ப்பலகையில் ஓட்டிப் பார்த்தால்தான் விளைவு தெரியும். இதிலோ, படிகள் பெருகப் பெருக ஒளிரும் சாயம் கலவையிலேயே இருக்கும்; கருவி ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒளியை அளக்கும். ஒளி மூடி வழியாக அளக்கப்படும் கருவிகளில், குழாயின் தலையில் மார்க்கரால் எண் எழுதக் கூடாது. திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு வெகுநேரம் தரையோடு தரையாகப் போகும். அப்புறம் திடீரென்று எழும்பும். அது குறித்துவைத்த ஒளி வரம்பைத் தொடும் சுற்றின் எண்தான் ‘சிடி’ மதிப்பு. ‘வரம்புச் சுழற்சி எண்’ எனலாம். குறைந்த எண் என்றால் தொடக்கத்தில் அதிகச் சரக்கு. 23-இல் எழுந்த மாதிரியைவிட 20-இல் எழுந்ததில் ஏறக்குறைய எட்டு மடங்கு இருந்திருக்கும். நடக்கும்போதே பார்ப்பதால் ‘நிகழ்நேரம்’ கச்சிதமான சொல். ‘உண்மைநேரம்’ வேண்டாம், இங்கே பொய்நேரம் எதுவும் இல்லை.

இப்போது அந்த ‘ஆர்டி’. ரியல்-டைமும் ஆர்டிதான், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனும் ஆர்டிதான். பின்னது ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ படி எடுப்பது, அதாவது எதிர்ப்படியெடுப்பு. இந்த வகைச் சோதனைகளை ஆய்வுக் கட்டுரையில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2009-இல் வெளியான எம்ஐக்யூஇ (MIQE) வழிகாட்டுதல் ‘ஆர்டி’யை இதற்கே ஒதுக்கி, நிகழ்நேர அளவீட்டுக்குக் ‘க்யூ-பிசிஆர்’ என்று பெயர் வைத்தது. கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ என்பதால் அந்தப் பரிசோதனையில் இரண்டுமே உண்டு. தமிழில் முழுப்பெயர் எழுதினால் குழப்பத்துக்கே இடமில்லை: எதிர்ப்படியெடுப்பு நிகழ்நேரப் பிசிஆர்.