மச்சான் கொண்டு வர்ற ஆறு முட்டை: வெளிநாட்டு அரிய ரகக் கோழி இறக்குமதி விதி என்ன சொல்லுது

மலேசியாவுல வேலை பாக்குற மச்சான் லீவுக்கு வர்றப்ப செராமா முட்டை ஆறு எடுத்து துணிக்கு நடுவுல சுத்தி கொண்டு வரட்டுமான்னு கேட்டான். செராமான்னா அந்த ஊரு குட்டிக் கோழிங்க, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும், பெருசானாலும் உள்ளங்கையில உக்கார வெச்சுக்கலாம். எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா வேண்டாம்டான்னு சொல்லிட்டேன். வாழப்பாடி, ஓமலூர், ஏற்காடுன்னு கோழி வளர்க்குற நம்ம பசங்க நிறைய பேரு இதையேதான் கேக்குறாங்க, உடம்பெல்லாம் கறுப்பா இருக்குற அயாம் செமானி வேணும், ஆர்பிங்டன் வேணும், சில்க்கி வேணும்னு வெளிநாட்டு ரகமா கேக்குறாங்க, அதனால ஒரே தடவையா எழுதிடறேன்.

முட்டையா இருந்தாலும் குஞ்சா இருந்தாலும் பர்மிட் இல்லாம உள்ள கொண்டு வரக்கூடாது. ஏர்போர்ட்ல புடிச்சா பறிமுதல்தான், பறவையா இருந்தா திருப்பி அனுப்புவாங்க இல்ல அழிச்சிடுவாங்க. அதுக்குன்னு சட்டம் ஒரேயடியா கதவை மூடி வெச்சிருக்குன்னும் அர்த்தம் இல்ல. வழி இருக்கு, ஆனா அது லாரி போறதுக்குப் போட்ட ரோடு, நம்ம டிவிஎஸ் எக்ஸெல்லை அதுல விட்டா எப்படி இருக்குமோ அப்படித்தான்.

இதுக்கு அடிப்படை 1898ல வெள்ளைக்காரன் போட்ட கால்நடை இறக்குமதிச் சட்டம், இன்னைக்கும் அதுதான். 2001ல திருத்தம் பண்ணப்ப உயிரோட வர்ற பிராணி மட்டும் இல்லாம அதுல இருந்து வர்ற பொருளையும் சேர்த்துட்டாங்க. முட்டை அந்த லிஸ்ட்ல இருக்கு, அதனால சரக்கு அந்த நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே மத்திய கால்நடைத் துறைகிட்ட சானிட்டரி இம்போர்ட் பர்மிட், அதாவது நோய் உள்ள வராம பாத்துக்குற இறக்குமதி அனுமதி, வாங்கியிருக்கணும். வந்து சேர்ந்தப்புறம் அப்ளை பண்ணிக்கலாம்ங்கற பேச்சே இல்ல.

உயிர்க் கோழி, குஞ்சுன்னா இன்னும் இறுக்கம். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாங்க டிஜிஎஃப்டி, அதை "ரெஸ்ட்ரிக்டட்" லிஸ்ட்ல வெச்சிருக்கு. முதல்ல பான் கார்டை வெச்சு ஐஇசி கோடு, அதாவது ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கான நம்பர், எடுக்கணும், அது 500 ரூபாய்தான், ஆன்லைன்லயே முடிஞ்சிடும், அதுல ஏமாந்துடாதீங்க, கஷ்டம் அடுத்ததுலதான் இருக்கு. டிஜிஎஃப்டி லைசன்ஸுக்கு மனு போட்டா அவங்க கால்நடைத் துறை கருத்தைக் கேப்பாங்க. இந்த ஏற்பாடே முக்கியமா கிராண்ட் பேரண்ட் ஸ்டாக்குக்காக இருக்கறது, அதாவது நாம கடையில வாங்குற பிராய்லரோட தாத்தா பாட்டி. பெரிய கம்பெனிங்க அந்தக் குஞ்சுகளை ஃபிளைட்ல இறக்கி, வளர்த்து, பேரண்ட் எடுத்து, அதுல இருந்து நமக்கு வர்ற குஞ்சை எடுக்குறாங்க. அப்படிப்பட்ட டேபிள்ல போயி "அழகுக்கு வளர்க்க எனக்கு நாலு பெட்டை ஒரு சேவல்"னு மனு வெச்சா நகரும்னு நான் நம்பல.

ஏன் இவ்வளவு இறுக்கம்னா பறவைக் காய்ச்சல். 2006ல மகாராஷ்டிராவுல நவாப்பூர்லதான் இந்தியாவுல முதல் தடவையா வந்துச்சு, லட்சக்கணக்குல கோழியைக் கொன்னு புதைச்சாங்க. அந்த மாதிரி ஒண்ணு நாமக்கல்ல வந்தா என்ன ஆகும்னு சேலத்துக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, 1997 வரைக்கும் அது நம்ம ஜில்லாதானே. அதனால பறவைக் காய்ச்சல் இருக்குற நாட்டுல இருந்து கோழி, முட்டை எதுவும் வரக்கூடாதுன்னு இந்தியா தடை போட்டிருந்துச்சு. இதை எதிர்த்து அமெரிக்கா 2012ல உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு, 2015ல அப்பீல்லயும் நாம தோத்துட்டோம், அதுக்கப்புறம் முழு நாட்டையும் பாக்காம நோய் இல்லாத பகுதியைத் தனியா பிரிச்சுப் பாக்கலாம்னு விதியை மாத்துனாங்க. சரி, மாத்துனதால நமக்கு என்ன? அயாம் செமானியோட ஊரு இந்தோனேசியா, அங்க பறவைக் காய்ச்சல் வருஷக்கணக்கா ஊறிக் கெடக்கு. அந்தப் பக்கத்துல இருந்து நேரா முட்டை வருதுன்னு எவனாவது சொன்னா காசை எடுக்காதீங்க.

லைசன்ஸ் எல்லாம் கெடைச்சிடுச்சுன்னே வெச்சுக்குவோம். அந்த நாட்டு அரசு டாக்டர் நம்ம நாடு கேக்குற டெஸ்ட் எல்லாம் பண்ணி சர்டிபிகேட் தரணும், சரக்கு மத்திய அரசோட விலங்கு குவாரன்டைன் நிலையம் இருக்குற ஊருலதான் இறங்கணும், நமக்குப் பக்கம்னா சென்னை, பெங்களூரு. முன்கூட்டியே தகவல் சொல்லி, வந்ததும் தனியா வெச்சுப் பார்த்து, அப்புறம்தான் கைக்கு வரும். அந்தச் செலவெல்லாம் கொண்டு வர்றவன் தலையிலதான்.

அப்ப சந்தையில "இம்போர்ட்டட்"னு விக்கிறானேன்னு கேப்பீங்க. எப்பவோ எப்படியோ வந்து இங்கயே பல தலைமுறை பொரிச்சதைத்தான் அப்படி விக்கிறாங்க. நானே ஒருத்தர்கிட்ட பிரம்மாங்கற வெளிநாட்டு ரகம்னு ஜோடி குஞ்சு வாங்கினேன், பிரம்மாவுக்குக் கால் விரல் வரைக்கும் இறகு இருக்கணும், இது வளர வளரக் கால் மொட்டையா நிக்குது. செமானின்னு எனக்குக் காட்டினது கடக்நாத், அது நம்ம நாட்டுக் கறுப்புக் கோழி. தப்பு கண்டுபுடிக்கவும் கஷ்டம், ரெண்டுக்கும் கறுப்பு ஒரே ஜீன் மாற்றத்துல இருந்துதான் வருது. குஞ்சை மட்டும் பார்த்து வாங்காதீங்க, தாய்க் கோழியையும் சேவலையும் நேர்ல காட்டச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஏற்காட்டுல இருக்கறவங்க கால்ல இறகு இருக்குற ரகத்தை மழை மாசத்துல வெளிய விட்டீங்கன்னா சேறு ஒட்டி ஒட்டி புண்ணாயிடும். அந்த மலையில இருக்குற காட்டுக்கோழியைப் புடிச்சு கிராஸ் போடலாமான்னும் ஒரு தம்பி கேட்டாரு, அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வரும், கையே வெக்கக்கூடாது.

ஒரு வேடிக்கை சொல்றேன். இங்கிலாந்துல கார்னிஷ்னு ஒரு ரகம் இருக்கு, அதை உருவாக்குனதே நம்ம சண்டைக் கோழியான அசீலை அந்தக் காலத்துல கொண்டு போயிதான். பிராய்லரோட ரத்தத்துல அந்தக் கார்னிஷ் இருக்கு. இங்க இருந்து போன சேவலோட வம்சத்தைத்தான் இப்ப லைசன்ஸ் போட்டு தாத்தா பாட்டின்னு இறக்குறாங்க.

மானியம் வேணும்னா அதுவும் நாட்டுக் கோழிப் பக்கம்தான் இருக்கு, ஃபேன்சி கோழிக்கு ஒண்ணும் கெடையாது. தேசிய கால்நடை இயக்கத்துல 1000 தாய்க் கோழி வெச்சு, குஞ்சு பொரிப்பகத்தோட கிராமக் கோழிப் பண்ணை போட்டா திட்டச் செலவுல 50 சதவீதம், அதிகபட்சம் 25 லட்சம், ரெண்டு தவணையா வரும், உத்யமிமித்ரா போர்ட்டல்ல அப்ளை பண்ணணும், மீதிக்கு பேங்க் லோனோ சொந்தக் காசோ காட்டணும். அவ்வளவு முடியாதுன்னா மாநில அரசு 250 கோழி யூனிட்டுக்குப் பாதி மானியம் குடுத்திருக்கு, ஆனா ஜில்லாவுக்குக் கொஞ்சப் பேருக்குத்தான், அதனால இந்த வருஷம் அறிவிப்பு வந்துச்சான்னு பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டு வையுங்க. ஆத்தூர்ப் பக்கம் இருக்கறவங்களுக்கு தலைவாசல்லயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, சிறுவிடை, பெருவிடைன்னு நாட்டுக் கோழி வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு போயி கேட்டுட்டு வாங்க.

மச்சான்கிட்ட முட்டைக்குப் பதிலா இன்குபேட்டருக்கு ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.